ஏணையில் கட்டியிருந்த கயிறு

என் மகன் பகல் நித்திரையை விட்ட கதையை எடுத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். எல்லாப் பிள்ளைகளும் ஒரு நாள் விடுவதுதானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முழுக் கதையும் தெரியாது. தெரிந்த ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். நான் இந்தக் கதையைத் தொடங்கினால், மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விடுவார்.

நாங்கள் இருப்பது முள்ளியவளையில். காலையில் நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன், மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில் தைக்கிறேன். என் கணவருக்கு வயல். குளத்துக்குப் பின்னால், காட்டை ஒட்டின துண்டு. மகனுக்கு அப்போது இரண்டரை வயது. மூன்று முடியாமல் எங்கள் முன்பள்ளியில் சேர்க்கமாட்டார்கள், ரீச்சரின் பிள்ளை என்றாலும் சேர்க்கமாட்டார்கள். அதனால் காலையில் அவனைப் பார்ப்பது தகப்பனின் பொறுப்பு, நான் வந்து இறங்கியதும் என் பொறுப்பு. இருவரும் பேசி ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது.

மத்தியானம் வந்ததும் அவனுக்குச் சோறு தீத்துவேன். நடு அறையின் கூரை வளையில் என் பழைய நூல் சேலை ஒன்று ஏணையாகத் தொங்கும். மற்ற நேரங்களில் அதைச் சுருட்டி மேலே செருகி வைத்திருப்போம். இறக்கி, அவனை உள்ளே போட்டு, நாலு ஆட்டு ஆட்டினால் போதும். இந்த வயதிலும் ஏணையா என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பாயில் உருண்டு முரண்டு பிடிக்கும் நேரத்தில் என்னுடையவன் சேலைக்குள் வாழைப்பொத்தி மாதிரித் தொங்கிக்கொண்டு நித்திரையாய் இருப்பான். பின்னேரத் தேத்தண்ணி வைக்கும்வரை அசையமாட்டான்.

அவன் கண்ணை மூடினால் வீடு என்னுடையது. அந்த நேரத்தில் என்னை ஒருவரும் ரீச்சர் என்று கூப்பிடமாட்டார்கள், அம்மா என்று கூப்பிடமாட்டார்கள். அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் சட்டத்தை இறக்குவேன். துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் முத்தும் சரிகை நூலும் வைத்துப் பூ வேலை செய்கிற சட்டம் அது. ஆரி வேலை என்பார்கள். எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. போனில் காணொளி பார்த்து, நிறுத்தி, திருப்பிப் பார்த்து, பழைய துணியில் குத்திக் குத்திப் பழகினேன். எல்லாம் அவனுடைய நித்திரை நேரத்தில் பழகியதுதான். அவன் பிறந்த பிறகு எனக்கென்று நான் செய்த ஒரே காரியம் அது.

நவராத்திரியில் வாணி விழாவுக்கு நான் ஒரு சேலை கட்டிப் போனேன். சட்டையின் கைகளில் சின்னதாக மாங்காய் வேலை செய்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் இருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்குக் கலியாணம். கூறைச் சேலைக்கு உடுத்தும் சட்டைக்கு முதுகும் கையும் நிறைய வேலை வேண்டுமாம். இந்தப் பக்கத்துப் பெண்கள் அப்படிச் சட்டைக்கு வவுனியாவுக்கு ஓடுவார்கள், இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துக்குச் சொல்லிவிடுவார்கள்.

"அங்கை குடுத்தா ஒருத்தரும் ஆசையாச் செய்யமாட்டினம் ரீச்சர். நீங்கள் செய்யுங்கோ. உங்கடை கையிலை ஒரு வடிவு இருக்கு" என்றாள் அந்தப் பிள்ளை.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. அதுவரை நான் ஊருக்குச் சேலை ஓரம் அடிக்கிற ரீச்சர். பாவாடைக்கு நாடா கோக்கிற ரீச்சர். ஒரு மணப்பெண்ணின் முதுகில் என் வேலை ஏறினால், மண்டபம் நிறைந்த சனம் அதைப் பார்க்கும். அடுத்த பெண்ணும் அதற்கடுத்த பெண்ணும் வவுனியா பஸ் ஏறாமல் என் படலையைத் தட்டுவார்கள். அந்த ஒரு சட்டையில் எனக்கு எல்லாம் இருந்தது. மாசி முடிவதற்குள் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பிள்ளை நித்திரையாய் இருந்தால் மட்டும் செய்யக்கூடிய வேலை அது. ஊசியின் நுனியில் கொக்கி இருக்கிறது. மணிகள் கடுகளவு. விழித்திருக்கும் இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் அவற்றை விரித்து வைப்பதும் ஒன்று, அவன் வாயில் நானே எடுத்துப் போடுவதும் ஒன்று. இரவில் செய்யலாமே என்பார்கள். இரவில் சரிகைக்கும் நூலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. அதோடு, இரவில் நான் பக்கத்தில் படுக்காவிட்டால் அவன் வீரிட்டு எழும்புவான். தகப்பனும் இரவில் வீட்டில் இல்லை.

தகப்பன் யானைக் காவலில் இருந்தார். கதிர் பால் பிடிக்கத் தொடங்கினால் காட்டோர வயல்காரர் ஒருவரும் இரவில் வீட்டில் படுப்பதில்லை. தகரம் போட்ட சின்னக் கொட்டில், ஒரு டோர்ச், யானை வெடி, தேத்தண்ணிப் போத்தல். விடிய அவர் வந்து சேரும்போது கண் இரண்டும் செத்தல் மிளகாயாய்ச் சிவந்திருக்கும். நான் முன்பள்ளிக்குச் சேலை கட்டிக்கொண்டே கேட்பேன்.

"நீங்கள் எப்பதான் நித்திரை கொள்ளுறது?"

"அது பகலிலை கொட்டிலுக்கை ஒரு கண் அயருவன். நீர் போம், நேரமாகுது" என்பார்.

நான் மத்தியானம் வந்ததும் அவர் சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுவார். அங்கே படுக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சட்டையின் வலது கை முடிந்து, முதுகில் தாமரை வைக்கத் தொடங்கியிருந்த நேரம். ஒரு நாள் ஏணையில் போட்டு ஆட்டினேன். சேலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான். திரும்பப் படுக்க வைத்தேன். திரும்ப எழும்பினான். அன்றைக்கு ஏதோ குழப்படி என்று விட்டேன். அடுத்த நாளும் அதே கூத்து. அதற்கடுத்த நாள் ஏணைக்குள் இருந்துகொண்டு "அம்மா, ஆனை வெடி போடுவமா" என்று கேட்டான்.

நான் செய்யாத வித்தை இல்லை. யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினேன். கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் வார்த்தேன், களைத்துப் படுப்பான் என்று வளவு முழுக்க ஓடவிட்டேன். அவன் களைக்கவில்லை, நான்தான் களைத்தேன். தயிரும் சோறும் கூடக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த தாலாட்டெல்லாம் முடிந்து, முன்பள்ளிப் பாட்டுகளையும் இழுத்து இழுத்துப் பாடினேன். அவன் அவற்றுக்குக் கைதட்டினான். ஒரு நாள் அவனுக்குப் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிப் பாசாங்கு செய்தேன். எழும்பிப் பார்த்தால் பொழுது சாய்ந்துவிட்டது. நித்திரையானது நான். அவன் என் கைப்பைக்குள் இருந்த சோக்குக் கட்டிகளை எடுத்துச் சுவரெல்லாம் கீறி முடித்திருந்தான்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அவன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பெற்று வளர்த்த பிள்ளை கழுத்தறுத்துவிட்டான் என்று தோன்றியது. இவ்வளவு காலமும் ஒழுங்காகப் படுத்தவன், என் வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல வேலை வந்த நேரம் பார்த்தா விடவேண்டும்? முன்பள்ளியில் எத்தனை பிள்ளைகளை அடக்குகிறேன். என்னுடைய ஒன்றின் கண்ணை மூடவைக்க முடியவில்லை.

தகப்பனிடம் முறையிட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"அவன் வளந்திட்டானப்பா. இனிப் பகலிலை படுக்கமாட்டான். நீர் ஏன் சும்மா மினக்கெடுறீர்?"

"காலமை உங்களோடை எப்பிடி இருக்கிறான்? கண்ணைக் கசக்கிறானோ, சிணுங்கிறானோ?"

"சிணுக்கமே? அவன் நல்ல உசாராத்தான் நிக்கிறான்."

அது பொய் இல்லை. நான் வரும்போது பிள்ளை உசாராகத்தான் நிற்பான். முகம் கழுவி, தலை வாரி இழுத்து, பவுடர் போட்டு, விறாந்தையில் சிரித்துக்கொண்டு நிற்பான். முன்பு இந்தப் பவுடர் பூச்செல்லாம் கிடையாது. இரவு முழுக்க யானையோடு மாரடித்துவிட்டு வந்த மனிதன் பிள்ளையை இப்படிப் பார்க்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதை முன்பள்ளியில் மற்ற ரீச்சரிடம் சொல்லிப் பெருமையும் அடித்தேன்.

அந்த நாட்களில் ஒரு தடவை ஏணையின் அடியில் நைலோன் கயிற்றுத் துண்டு ஒன்று முடிந்திருந்ததைக் கண்டேன். இது என்ன என்று கேட்டேன். கன்றுக்குட்டிக் கயிறு, பிள்ளை விளையாடியிருப்பான் என்றார். நானும் அவிழ்த்து எறிந்துவிட்டேன்.

பிறகு எனக்குப் பக்கத்து வளவு அக்காமேல் சந்தேகம் விழுந்தது. அவா தைப்பொங்கலன்று பொங்கல் கொண்டுவந்தபோது, "உன்ரை பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை எங்கையடி இருக்கு, மத்தியானமெண்டா அடங்கிப்போடுவான்" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனவா. அதற்குப் பிறகுதானே எல்லாம். கண்ணூறு நாவூறு பட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். அக்கா படலைக்கு வந்தால் பிள்ளையை உள்ளே தூக்கிப் போனேன். ஒன்றும் சரிவரவில்லை. நாவூறு கழிக்க மந்திரித்துப் பார்வை பார்க்கிறவரிடம் கொண்டுபோவோம் என்றேன். என் கணவர் உடனே எழும்பினார். மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

பார்வை பார்ப்பவர் எங்கள் ஊரிலேயே வைரவர் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் பின்னேரத்தில் பார்ப்பார். பிள்ளையைத் தகப்பனின் மடியில் இருத்தச் சொன்னார். வேப்பிலையால் தலையில் இருந்து கால்வரை தடவி வாய்க்குள் எதையோ சொன்னார். நாவூறு இருந்தால் பார்ப்பவருக்குக் கொட்டாவி வரும். எங்களில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. அவருக்கு வந்தது. பெரிய கொட்டாவி. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அடுத்த கணம் என் கணவரும் கொட்டாவி விட்டார். ஒன்றல்ல, அடுக்கடுக்காக, தாடை கழன்று விழுகிற மாதிரி.

"சரியான நாவூறு பிள்ளை. தேப்பனையும் பிடிச்சிருக்கு" என்றார் பார்வை பார்ப்பவர்.

பிள்ளைக்குக் கறுப்பு நூல் கட்டினார். தகப்பனுக்கும் ஒன்று கட்டினார். என் கணவர் கையை நீட்டிக் கொடுத்தார். திரும்பி வரும்போது நான் பின்னால் பிள்ளையை அணைத்துக்கொண்டு இருந்தேன். இனிச் சரிவரும் என்று அவருடைய முதுகுக்குச் சொன்னேன்.

"ஓம், ஓம். சரிவரும்" என்றார்.

சரிவரவில்லை. கலியாணம் கிட்டக்கிட்ட வந்துகொண்டிருந்தது. விழித்திருக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டே செய்து பார்ப்போம் என்று துணிந்தேன். மேசையைச் சுவரோடு சேர்த்து, கதிரைகளை அடைத்து, அவனை அந்தப் பக்கம் சட்டி பானையோடு இருத்திவிட்டு, இந்தப் பக்கம் சட்டத்தோடு இருந்தேன். தாமரையில் ஒரு இதழ் முடிந்தது. குனிந்து நூல் அறுத்து நிமிர்ந்தேன். கதிரைக்குக் கீழால் ஊர்ந்து வந்து மணித் தட்டை இழுத்துவிட்டான். அறை முழுக்க மணி. அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது. விரலை உள்ளே விட்டுத் தோண்டினேன். இரண்டு முத்து வந்தது. விழுங்கினவை எத்தனை என்று தெரியாது. அவனைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினேன். அவன் அழுதான், நான் அவனைவிடக் கத்தி அழுதேன்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தட்டைத் தொட எனக்குத் துணிவில்லை. மறுநாள் சட்டத்தில் இருந்து துணியை அவிழ்த்தேன். ஒரு கை முழுதாக முடிந்திருந்தது. முதுகில் அரைத் தாமரை. மடித்துப் பையில் வைத்து, தண்ணீரூற்றுக்குப் போகவேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். என்னத்துக்கு என்று அவர் கேட்கவில்லை. பையைப் பார்த்தார், மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

அந்த வீட்டில் தாய்தான் கதவைத் திறந்தா. நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பிள்ளை உள்ளே இருந்து ஓடிவந்து துணியை விரித்துப் பார்த்தாள். விரலால் தாமரையைத் தடவினாள்.

"இவ்வளவு வடிவாச் செய்துபோட்டு ஏன் ரீச்சர்?"

"பிள்ளை படுக்கிறானில்லை" என்றேன். வேறு என்ன சொல்ல.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே. இனி வவுனியாவிலை ஆர் எடுப்பினம்?" என்று தாய் கேட்டா. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நான் தலை குனிந்து நின்றேன். என் கணவர் படலைக்கு வெளியே வேப்பமர நிழலில், பிள்ளையை மோட்டார் சைக்கிளின் முன்னால் இருத்தி வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தார். அங்கிருந்து எல்லாம் கேட்டிருக்கும். வீடு வரும்வரை அழுதேன். அவர் ஒரு இடத்தில் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பள்ளத்தைத் தாண்டி மறுபடி முறுக்கினார்.

அதற்கடுத்த கிழமை ஒரு காலை முன்பள்ளியில் தண்ணீர் மோட்டர் பழுதாகிவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பிள்ளைகளை வைத்திருக்க முடியாது என்று பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டோம். போன சுருக்கில் சைக்கிளில் திரும்பி வந்தேன். படலை திறந்து கிடந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. காலையில் இரண்டரை வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் சத்தம் இல்லை என்றால் எந்தத் தாய்க்கும் பகீர் என்னும். செருப்பையும் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.

நடு அறையின் யன்னலில் நான் கட்டிய கறுப்புத் துணி இழுத்து மூடியிருந்தது. வளையில் இருந்து ஏணை இறக்கியிருந்தது. அதற்குள் என் மகன் வாழைப்பொத்தி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே பாயில் என் கணவர் மல்லாந்து கிடந்தார், வாய் திறந்திருந்தது. ஏணையின் அடியில் ஒரு நைலோன் கயிறு கட்டியிருந்தது. அதன் மற்ற நுனி அவருடைய கால் பெருவிரலில் முடிந்திருந்தது. நித்திரையிலேயே அவருடைய கால் மெல்ல இழுத்தது. ஏணை ஆடியது. இரண்டு பேரின் கையிலும் கறுப்பு நூல் இருந்தது.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. கழுவின முகம் விளங்கியது. பவுடர் விளங்கியது. நான் வருவதற்குச் சற்று முன் எழுப்பி, நித்திரை முகத்தைக் கழுவித் துடைத்து, பவுடர் போட்டு விறாந்தையில் நிற்க வைத்திருக்கிறார். நான் அதைப் பார்த்து நெஞ்சு நிறைந்திருக்கிறேன். குனிந்து கயிற்றைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தேன்.

"ஐயோ!" என்று துள்ளி எழும்பினார். என்னைக் கண்டதும் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"எவ்வளவு நாளா?"

கால் விரலில் இருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இது நடக்குதெண்டு கேக்கிறன்!"

"காவல் தொடங்கின கிழமையிலையிருந்து" என்றார். "கொட்டிலுக்கை பகலிலை படுக்கேலாது. தகரம், நெருப்பா வெக்கை. நான் என்ன செய்ய? இவன் முழிச்சிருந்தா நான் கண்ணை மூடேலுமே? ஒரு நாள் மூடினன், இவன் கிணத்தடிக்குப் போயிட்டான். அண்டைக்குத்தான் பயத்திலை ஏணையிலை போட்டனான்."

"அதை என்னட்டைச் சொல்லுறதுக்கு வாயில்லையோ?"

"சொன்னா விட்டிருப்பீரே? மத்தியானம் அவன் படுக்கவேணுமெண்டு என்னை முழிச்சிருக்கச் சொல்லியிருப்பீர். ரா முழுக்க ஆனை, காலமை இவன். எனக்கும் உடம்புதானே."

உடம்புதான். அதை நான் மறுக்கவில்லை. ஒரு இரவு அவர் கண் அயர்ந்திருந்தால் யானைக் கூட்டம் எங்கள் வருசச் சோற்றை மிதித்துவிட்டுப் போயிருக்கும். அவர் என் பிள்ளையின் நித்திரையை எடுத்ததைப் பொறுப்பேன். கேட்டிருந்தால் பாதியைக் கொடுத்திருப்பேன், சட்டையை இன்னொருத்தியிடம் பாதி பிரித்துக் கொடுத்திருப்பேன், ஏதாவது ஒரு வழி பார்த்திருப்பேன். பொறுக்க முடியாதது வேறு. பார்வை பார்க்கிறவரிடம் என்னை ஏற்றிப் போனாரே. எல்லாம் தெரிந்துகொண்டு பிள்ளையை மடியில் வைத்திருந்து, கையை நீட்டி நூலும் கட்டிக்கொண்டாரே. தண்ணீரூற்றுக்கு என்னை ஏற்றிப் போனாரே. இரண்டு பயணத்திலும் நான் அவருக்குப் பின்னால் இருந்தேன். அவருடைய முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

"அண்டைக்கு அந்தத் துணியைத் திருப்பிக் குடுக்கேக்கையும் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்" என்றேன்.

அவர் பாயைச் சுருட்டத் தொடங்கினார். ஏணைக்குள் மகன் எழும்பி நின்று, "அம்மா வந்திட்டா. அப்பா, பவுடர்" என்றான்.

அன்று பின்னேரம் பக்கத்து வளவு அக்காவை வேலியடியில் கண்டேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு அவாவோடு கதைக்கிறேன். நடந்ததைச் சொன்னேன். அவா கண்ணை விரித்தா.

"உனக்குத் தெரியாதேயடி? நீ சைக்கிள் எடுத்த உடனை உங்கடை வீடு அடங்கிப்போடும். நீ சொல்லித்தான் செய்யிறாராக்குமெண்டு நான் நினைச்சன்."

ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரியாதவள் நான் ஒருத்திதான்.

காலை நித்திரை கூடாது என்று சட்டம் போட்டேன். அவர் ஒத்துக்கொண்டார். அவருக்காகக் கொட்டிலின் தகரத்துக்கு மேல் தென்னங்கிடுகு போட்டோம். சில நாளில் வெட்டு மெஷின் வயலில் இறங்கியது. நெல் வீடு வந்தது, காவலும் முடிந்தது. அவர் இரவில் வீட்டில் படுத்தார். மாசி முடிந்து அந்தப் பிள்ளையின் கலியாணமும் நடந்தது. எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். நான் போகவில்லை. வவுனியாவில் அவசரத்துக்கு எடுத்த ஆயத்தச் சட்டையோடு அவள் மணவறையில் இருந்தாள் என்று போனவர்கள் சொன்னார்கள்.

எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. இனி மத்தியானம் எனக்குத் திரும்பி வரும். சட்டத்தைத் துடைத்து எடுத்தேன், மணிகளை நிறம் பிரித்துப் போத்தலில் போட்டேன். மத்தியானம் அவனுக்குச் சோறு தீத்தி, ஏணையை இறக்கி, உள்ளே போட்டு ஆட்டினேன். காலையில் அவன் ஒரு கண்கூட மூடவில்லை, அதை நான் தீர விசாரித்து வைத்திருந்தேன். அவன் எழும்பி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான். நாளைக்குப் படுப்பான் என்று விட்டேன். நாளைக்கும் படுக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்கப் படுக்கவில்லை. காலையிலும் இல்லை, மத்தியானத்திலும் இல்லை. பொழுதுபட்டதும் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் சரிந்து, விடியும்வரை ஒரே நித்திரை. இந்தமுறை யாரும் பொய் சொல்லவில்லை. அவன் உண்மையாகவே வளர்ந்துவிட்டான்.

அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. பிள்ளைக்கு இனிக் கொஞ்ச நாள் பகல் நித்திரைதான் மிச்சம் இருந்திருக்கிறது. அந்த மிச்சம் முழுவதையும் தகப்பன் எடுத்து முடித்துவிட்டார். அது எனக்கு வந்திருந்தால் தாமரை முழுசாகியிருக்கும். ஏணையை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டேன். மடிக்கும்போது அடியில் கயிறு உரசின இடம் நைந்து போயிருந்ததைக் கண்டேன். அதைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் இருந்து அழுதேன். கோபத்தில்தான் அழுதேன்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பிள்ளையைத் தூக்கி அவருடைய மடியில் வைத்தேன்.

"இனிப் பின்னேரத் தேத்தண்ணி வரைக்கும் இவன் உங்கடை பொறுப்பு" என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி உள்ளே கொக்கி போட்டேன். மறுக்க அவருக்கு முகம் இல்லை.

வைகாசியில் முள்ளிவாய்க்கால் பக்கம் ஒரு பெண்ணுக்குக் கலியாணம் வந்தது. தண்ணீரூற்றுப் பிள்ளைதான் என்னைச் சொல்லிவிட்டாளாம். அரைத் தாமரைத் துணியை அவள் இன்னும் வைத்திருக்கிறாளாம். அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று சொன்னால் விளங்காது. இப்போது அந்தச் சட்டைதான் சட்டத்தில் இருக்கிறது. முதுகில் மயில், தோகைக்குப் பச்சை மணி.

வெளியே விறாந்தையில் மத்தியான வெக்கையில் என் கணவருக்குக் கண் சொருகும். விடிய வெள்ளாப்பிலேயே சிறுபோக வயலுக்குப் போய் வருகிற மனிதன். கதிரையில் தலை சரிகிற சத்தம் எனக்குக் கதவுக்கு இங்கால் கேட்கும். உடனே மகன் கத்துவான்.

"அப்பா, கண்ணை முழியுங்கோ! முழியுங்கோ!"

நேற்றும் அப்படித்தான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மெல்ல வந்து கதவைத் தட்டினார். குரல் இறங்கி இருந்தது.

"இஞ்சேரும். கொஞ்ச நேரம் இவனைப் பாருமன். எனக்கு ஏலாமல் கிடக்கு. படுக்கிறானில்லை."

மயிலின் கழுத்தில் ஊசியை ஏற்றி, மணியைக் கோத்து, இறக்கினேன். கதவைத் திறக்கவில்லை.

"அவன் வளந்திட்டானப்பா" என்றேன். "இனிப் பகலிலை படுக்கமாட்டான். நீங்கள் ஏன் சும்மா மினக்கெடுறீங்கள்?"